பாவாயி வீட்டுப் புகை

1984, ஜூலை 8, ஞாயிறு
மேகம் மட்டும். மழை இல்லை. காற்றில் கண்ணெல்லாம் மண். துணி துவைத்தேன். சேலம் ஆபீசுக்கு அறிக்கை எழுத வேண்டும்: இந்த ஊரில் பிப்ரவரி முதல் நான் கட்டிய புகையில்லா அடுப்பு, பதினொன்று.

ஈப்போவிலிருந்து ஐந்து வாரமாகக் கடிதம் இல்லை. அண்ணனுக்குக் கை ஒடிந்துவிட்டதா என்ன? மலேசியாவை விட்டு இரண்டு வருடத் தொண்டுக்கு வந்தவளுக்கு ஞாயிறு என்றாலே பயம். பேச ஆள் இல்லை. டிரான்சிஸ்டருக்கு பேட்டரியும் இல்லை.

மளிகைக் கடையில் யாரோ: "மலேசியாக்காரம்மா தனியாவே ஆக்கி, தனியாவே திங்குது. பாவம்." பாவமாம்! எரிச்சலாக வந்தது. உண்மைதான், அதனால்தான் எரிச்சல்.

ஜூலை 11, புதன்
பாவாயி வீட்டுக்குப் போனேன். நான் கட்டிய முதல் அடுப்பு அங்கேதான். இந்த ஊரில் என்னைச் சமையலறை வரை கூப்பிட்டு உட்கார வைக்கிறவள் அவள் ஒருத்திதான்.

ஆடிப்பட்டத்துக்கு விதை எடுத்துக்கொண்டிருந்தாள். அடுப்புக்கு மேலே விட்டத்தில் கட்டித் தொங்கவிட்ட சோளக்கதிர்கள். கசக்கினால் மாவு. கை நிறைய வண்டு.

"எல்லாமேவா?"

"ஆமாங்க. எங்க மாமியா காலத்துல இருந்து இங்கதான் கட்டறது. ஒரு வருசமும் இப்படி ஆனதில்லீங்க."

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. சரியாகக் காய வைக்காமல் கட்டியிருப்பீர்கள் என்று புத்திமதி வேறு சொன்னேன். அவள் புருஷன் மாரப்பன்தான் மெதுவாகச் சொன்னார். "பொகை இருந்தா வண்டு அண்டாதுங்க. பொகையத்தான் கொழாய் வெச்சு வெளிய தொரத்திட்டமே."

குரல்கூட உயரவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

ஜூலை 12, வியாழன்
மற்ற பத்து வீட்டுக்கும் நடந்தேன்.
- ஏழு வீட்டில் சோள வெள்ளாமையே இல்லை. தப்பித்தேன்.
- இரண்டு வீட்டில் என் அடுப்புக்குள் கோழி அடைகாக்கிறது. சமையல் பழைய மூன்று கல்லில். விதை பத்திரம். கோழிக்கு நன்றி.
- ராசம்மா வீட்டில் வண்டு. அவளுக்கு விதை தர அண்ணன் இருக்கிறார்.

முன்பே ஏன் சொல்லவில்லை என்று ராசம்மாவைக் கேட்டேன். "அவ்வளவு தூரத்துல இருந்து வந்து, கையெல்லாம் சேறாக் கட்டுனீங்க. மனசு நோகுமேன்னு உட்டுட்டோங்க." விருந்தாளியிடம் யார்தான் குறை சொல்வார்கள்? ஒன்றரை வருடம் ஆகியும் நான் விருந்தாளிதான்.

ஜூலை 14, சனி
திருச்செங்கோடு போய் வந்தேன். விதைக் கடையில் ஒட்டுச் சோளம்தான் உண்டு. பாவாயியிடம் நீட்டினேன். சோளத்தட்டு குட்டையாக வரும், மாட்டுத் தீவனத்துக்குப் பற்றாது என்று மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தாள். மழை வருவதற்குள் விதை இல்லாவிட்டால் இந்த வருடம் அவர்கள் மானாவாரிக் காடு சும்மா கிடக்கும். இனி கொழுந்தனிடம்தான் கேட்க வேண்டுமாம். வரப்புத் தகராறில் ஆறு வருடமாகப் பேச்சில்லாத கொழுந்தன். நானும் கூட வருகிறேன் என்றேன். "வேண்டாமுங்க."

ஜூலை 17, செவ்வாய்
தூறல். பாவாயி காலையிலேயே கொழுந்தன் ஊருக்குப் போய்விட்டாள். மாரப்பன் காட்டில். வீடு திறந்து கிடந்தது. மனசு கேட்கவில்லை. கடப்பாரை எடுத்துப் போய் அடுப்பை நானே இடித்தேன். புகைக்குழாயையும் பிடுங்கிப் போட்டேன். அழுதுகொண்டேதான்.

மதியம் அவள் வந்தாள். முந்தானையில் விதை முடிச்சு. இரண்டு மணி நேரம் வாசலில் நிற்க வைத்துத்தான் கொடுத்தானாம். அதைச் சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவள், அடுப்பைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"யாரு இடிச்சது?"

நான்தான் என்றேன். உங்களுக்காகத்தான் என்றும் சொல்லித் தொலைத்தேன்.

"அஞ்சு மாசம் கண்ணு எரியாம ஆக்குனனே! கதிர் கட்டித் தொங்கவிடற மாசத்துக்கு மட்டும் பொகை நிக்கட்டும்னு கொழாயில துணிய அடைச்சுக்கலாம்னு இருந்தேன். கட்டறப்பவும் என்னைக் கேக்கல, இடிக்கறப்பவும் கேக்கலியே!"

கடப்பாரையைக் கீழே வைத்தேன். அவள் உட்காரச் சொல்லவில்லை. போகவும் சொல்லவில்லை. பழைய மூன்று கல்லைத் தேடி வெளியே போனாள்.