வௌவாலுக்கு இலுப்பை

ஈப்போ, மலாயா
ஆனி 1934

அன்புள்ள ஐயாவுக்கு, பாதம் பணிந்து எழுதுவது. உங்கள் முழங்கால் வலி எப்படி? நான் சுகம். போன கிழமை ரெயில் பாதை அளக்கையில் சறுக்கி விழுந்தேன். இடது கையில்தான் கட்டு. எழுதும் கைக்கு ஒன்றுமில்லை.

கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தை எனக்கென்று காக்க, அம்மா இருமலோடு இரவு முழுக்கத் தகரம் தட்டி வௌவால் கலைப்பதாகத் தங்கச்சி எழுதினாள். வேலியோர இலுப்பைகளை என் கப்பல் காசுக்காக வல்வெட்டித்துறையில் படகு கட்டுகிறவர்களுக்கு விற்றுவிட்டோம். இலுப்பைப் பழம் இல்லாமல் வௌவால் வேறு எங்கே போகும்? கோயிலடியில் அவை போடும் இலுப்பை விதையைப் பொறுக்கி உடனே ஊன்றுங்கள், காய்ந்தால் முளைக்காது. ஐப்பசி மழைக்குக் கன்றை வேலியோரம் நடலாம்.

அறையில் கூட இருக்கும் அம்பலவாணர் சிரிக்கிறார். "பொம்பிளை பாக்கச் சொல்லி எழுதுங்காணும். வௌவாலுக்குப் பந்தி வைக்கச் சொல்லி ஆராவது எழுதுவினமோ?"

சிரிக்கட்டும். ஆனால் இலுப்பை காய்க்கப் பத்து வருடமாவது ஆகும். அதுவரை அம்மா விழித்திருக்க முடியாது.

கொஞ்சம் பனங்கிழங்கு ஒடியல் மாவும், அம்மா இடித்த மிளகாய்த்தூளும் அனுப்புங்கள். இங்கே எதிலும் உறைப்பில்லை.

தபால் கட்டப் போகிறார்கள். லீவு தரவில்லை, ஐயா. இந்த வருடமும் வரமாட்டேன். பழத்தை வௌவால் தின்னட்டும். அம்மாவைப் படுக்கச் சொல்லுங்கள்.

மகன்,
சிவப்பிரகாசம்