பதினான்காம் எண்ணின் நீலச் செல்கள்

ஜூலை 8, செவ்வாய்

காலை எட்டுக்கே ஈப்போ வெந்துகொண்டிருக்கிறது. ஆய்வகத்தில் மட்டும் குளிர்.

மூன்றாம் முறையும் தோல்வி. சாயம் முதிர்ந்த செல்களை மட்டும் நீலமாக்க வேண்டும். எல்லாமே நீலம். ஒப்பிட வைத்த இளம் செல்கள்கூட! இதய நோயாளியின் சதையும் நீலம், இளசும் நீலம் என்றால் எதைச் சொல்வது?

ஆய்வகத் தலைவர் டாக்டர் சிவநேசன் எட்டிப் பார்த்தார். கோபப்படவில்லை. அதுதான் பயம்.

"வெள்ளி வரைக்கும் பாருங்கம்மா. சரிவரலன்னா இந்தப் பகுதிய விட்ருவோம்."

என் இரண்டு வருட வேலை. "பகுதி"யாம்.

வாங்க: கெம்போங் மீன், கறிவேப்பிலை, அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை.

ஜூலை 9, புதன்

கண்டுபிடித்துவிட்டேன்!! என்று நினைக்கிறேன்.

தே தாரிக் குடிக்கும்போது ராஜன் அண்ணன் (எங்கள் கருவிகளைப் பார்த்துக்கொள்பவர்) சொன்னார்: "அந்தச் சூட்டுப் பெட்டிக்கு கேஸ் தோங் மாத்தணும்லா."

கேஸ்! அந்தப் பெட்டியில் உயிருள்ள செல்களுக்காகச் சிலிண்டரிலிருந்து கரியமில வாயு ஓடுகிறது. அதில்தான் சாயமிட்ட செல்களையும் வைத்திருந்தேன். வாயு சாயத்தில் கரைந்தால் புளிப்பு ஏறும். புளிப்பு ஏறினால் எந்தச் செல்லும் நீலமாகும். தேநீரைப் பாதியில் விட்டு ஓடினேன். நேற்று பெட்டியில் மீந்த சாயத்தின் புளிப்பை அளந்தேன். புளித்திருக்கிறது.

"அண்ணே, கேஸ் இல்லாத பெட்டி இருக்கா?"

"ஸ்டோர்ல பழசு ஒண்ணு கெடக்கு. சூடு நிக்குமான்னுதான் தெரியல."

நின்றது. முப்பத்தேழு டிகிரி, அசையவில்லை.

கையிருப்பில் ஒரே ஒரு துண்டு: எண் 14. பெண், வயது 61, பைபாஸ் அறுவையின்போது இதயத்தின் மேலறை ஓரத்தில் எடுத்தது, நகக்கண் அளவு. பெயர் டாக்டரின் பதிவேட்டில் மட்டும்தான்; எனக்குத் தெரியாது. மெல்லிசாகச் சீவி, ஒரு சீவலை மட்டும் சாயத்தில் போட்டு, இளம் செல்களோடு மாலை நாலுக்கு உள்ளே வைத்தேன். இனி காலையில்தான்.

ஜூலை 10, வியாழன்

தூறல். 7.20க்கே ஆஜர்.

இளம் செல்கள்: சுத்தம். ஒரு பொட்டு நீலம் இல்லை.
எண் 14: அங்கங்கே நீலம். ரத்தக் குழாய் ஓரத்தில் கொத்தாக.

கத்திவிட்டேன். ராஜன் அண்ணன் ஓடி வந்தார். "என்னா, தீயா?"

டாக்டர் பத்து நிமிடம் பார்த்தார். "இன்னும் ரெண்டு தரம் செய்ங்க." கதவருகே போய்த் திரும்பி, "நல்லா வந்திருக்கு."

ஒரே ஆளின் திசுதான். நீலம் நோயைக் கொண்டுவந்ததா, நோய் நீலத்தைக் கொண்டுவந்ததா, தெரியாது. ஆனாலும் கழிவறைக்குள் போய் ஆடினேன்.

ஜூலை 14, திங்கள்

இரண்டு தரமும் அதே முடிவு.

மதியம், மருத்துவமனைக்குப் பரிசோதனைக்கு வந்த ஓர் அம்மா, தன் சதை என்ன ஆனது என்று தெரியாமல் வீட்டுக்குப் போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாராம். டாக்டர் பதிவேட்டைப் பார்த்தார். எண் 14! அவரே அழைத்து வந்தார். சரோஜா அக்கா, ஊர் கோப்பெங். பள்ளிக் கேண்டீனில் சமையல். முன்பு பத்து காஜா ஊர்ப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்.

நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார். நான் சொன்னேன்: "நீலமா இருக்கறதெல்லாம் வயசான செல்லு, அக்கா. புதுசு உண்டாக்காது, சாகவும் சாகாது. சும்மாவும் இருக்காது, பக்கத்துல உள்ளதப் புண்ணாக்கும்."

"எம் மக, நான் பலகாரம் தின்னுதான் நெஞ்சு கெட்டுச்சுன்னு ஏசுது."

"அதுவும் ஒரு காரணந்தான்க்கா. அது மட்டும் இல்ல."

"இத எடுக்க மருந்து இருக்கா?"

"இன்னும் இல்லக்கா. தேடுறாங்க."

மறுபடி நுண்ணோக்கியில் குனிந்தார். அழப் போகிறார் என்று நினைத்தேன். கண்ணை எடுக்காமலே கேட்டார்:

"நீலத்த ஒட்டிக்கிட்டே நெறய நல்லாத்தானே இருக்கு. அதுக மட்டும் எப்படிக் கெடாம நிக்குது?"

நானும் டாக்டரும் ஒருவரையொருவர் பார்த்தோம். இரண்டு வருடம் நீலத்தை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, இத நாங்க கேக்கவே இல்ல."

"கேளுங்கலா! நான் பஸ்ஸுக்குப் போறேன்."

ஜூலை 15, செவ்வாய்

எட்டு மணி. டாக்டர் எனக்கு முன்பே நுண்ணோக்கியில். நீலத்தை ஒட்டி நிற்கும் கெடாத செல்களை எண்ணத் தொடங்கியாயிற்று. சீவலின் முதல் ஓரம்தான் முடிந்திருக்கிறது. கண் எரிகிறது. நிறுத்த மனமில்லை.