தேசப்பனின் ஈர சாக்ஸ்

கும்மிடிப்பூண்டி,
14.11.2006

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? தைலம் தேய்க்கிறீர்களா? நான் நலம்தான், கோபம் மட்டும் அடங்கவில்லை.

பேட்டரிக்குப் போடும் கறுப்புத் தூளின் மேல் மெல்லிசாக அலுமினா பூசுவதுதான் என் வேலை. பூச்சு சரியாக இருந்தால் பேட்டரி நீண்ட நாள் உழைக்கும். ஆனால் என் தூள் மூன்று முறை கெட்டது. சோதித்தால் அதில் உப்பு! சூப்பர்வைசர் தேசப்பன் எல்லார் முன்னாலும், "இன்னாம்மா, கருவாடு துன்னுட்டு கை கழுவாம தூளைத் தொட்டியா?" என்று கேட்டார். பழவேற்காட்டு மீன் தினமும் விற்கும் ஊரில் என் டிபன் டப்பா மட்டும் குற்றவாளியாம்! அன்றிலிருந்து கேன்டீனில் என் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. நானும் கருவாட்டைத் தொடவில்லை. தூள் அப்போதும் கெட்டது.

நேற்று நல்ல மழை. தூள் காயவைக்கும் ஓவனைத் திறந்தால், என் தட்டுக்கு நேர் மேலே தேசப்பனின் சாக்ஸ், வியர்வையும் மழையுமாகச் சொட்டிக்கொண்டிருக்கிறது. "மழைக்காலத்துல எப்பவும் இங்கதாம்மா காய வச்சிக்கினு இருக்கேன்" என்கிறார், கொஞ்சமும் கூசாமல். மன்னிப்பு என்ற பேச்சே இல்லை.

அடுத்த பார்சலில் நெத்திலிக் கருவாடு இரண்டு பங்காக அனுப்புங்கள். இனி அவர் எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிடுவேன். தனியாகச் சாப்பிட்டது போதும்.

கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கிறது.

உங்கள் மகள்,
சுகந்தி