சூட்டில் செத்த நொதியம்

இன்று காலை அட்டாளைச்சேனையில் ஒரு கோழிக்கூட்டுக்குள் நுழைந்ததும் நனைந்த உமியின் கார நெடி கண்ணில் ஏறியது. தண்ணீர்த் தொட்டி கவிழ்ந்துவிட்டது என்றார் கூட்டுக்காரர். உண்மையாகவே அதுதான் காரணம். ஆனாலும் அங்கே நிற்க முடியாமல் வெளியே வந்தேன். உன் நினைவுதான்.

சோளம் கிடைக்காமல் போன காலத்தில், நிந்தவூரில் நான் நடத்தும் கோழித்தீன் ஆலையில் கோதுமையைக் கலக்கத் தொடங்கினேன். கோதுமை கோழியின் குடலில் பசைபோலாகிவிடும். அதை உடைக்க நொதியத் தூள் சேர்க்கவேண்டும். சேர்த்தேன். பிறகு, படித்தவன் என்ற நினைப்பில், தீனை நீராவியில் வேகவைத்து அச்சில் அழுத்திக் குறுணையாக எடுத்தேன். முதல் மூட்டைகளை வாங்க எல்லாரும் தயங்கினார்கள். பள்ளிக்கூட நாளிலிருந்து என்னோடு திரிந்த நீதான் காரைதீவிலிருந்து வந்து ஏற்றிப் போனாய். "நீ செஞ்சா சரியாத்தான் இருக்கும்" என்றாய்.

இரண்டு கிழமையில் கூப்பிட்டாய். எச்சம் பிசினாக ஒட்டியது. உமி ஊறிச் சேறாகியிருந்தது. கோழிகளின் பாதங்கள் வெந்து கறுத்திருந்தன. என்னைத் தள்ளி அழைத்துப்போய் மெதுவாகக் கேட்டாய்: "தீனில ஏதும் பிழை இருக்குமோ, மச்சான்?"

என் தீனை எடுக்கலாமா என்று பார்க்க வந்த இருவர் வாசலில் நின்றார்கள். அவர்கள் காதில் விழும்படி சொன்னேன்: "தீனில ஒண்டுமில்ல. உன்ட தண்ணிக் குழாய் ஒழுகுது. கூட்டைப் பார்க்கத் தெரியாட்டி தீன் என்ன செய்யும்?"

குழாய் ஒழுகவில்லை. நீ குனிந்து ஒவ்வொரு மூட்டாகத் தடவிப் பார்த்தாய். அதன்பின் நீயும் உன் மனைவியும் நாள் முழுக்க உமியைப் புரட்டினீர்கள். வியாபாரி கோழிகளின் காலையும் நெஞ்சையும் பார்த்துவிட்டு வெறும் லொறியோடு திரும்பினார். நீ கூட்டைப் பிரித்தாய்.

அதற்குப் பிறகுதான் ஆலையில் வெப்பமானி வைத்துப் பார்த்தேன். நொதியம் தாங்கும் சூட்டை நீராவி தாண்டியிருந்தது; உன் மூட்டைகளில் நொதியம் செத்துத்தான் வந்திருக்கிறது. சூட்டைக் குறைத்தேன், நொதியத்தைக் கரைத்து, ஆறிய தீனின்மேல் தெளித்தேன். எச்சம் இறுகியது, உமி உலர்ந்தது. பலரும் என் தீனைத் தேடி வந்தார்கள். உன்னிடம் மட்டும் நான் வரவில்லை. சந்தையில் கண்டால் வேறு ஏதாவது கதைத்துவிட்டு நழுவினேன். நீயோ, புதிதாகக் கோழி வளர்க்க வந்தவர்களை என்னிடமே அனுப்பினாய்.

நீ இறந்து, முப்பத்தோராம் நாள் காரியமும் கழிந்தபின் உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி தேநீர் வைத்துவிட்டு, நீ கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்ததைச் சொன்னார்: தீன் நல்ல தீனாம், உனக்குத்தான் கோழி வளர்க்கக் கைராசி இல்லையாம். தேநீரைத் தொட என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், நீராவியை, நான் சொன்ன பொய்யை, பிறகு மறைத்ததை.

அவர் திட்டவில்லை. முற்றத்தைப் பார்த்தபடி சொன்னார்:

"இத அவருக்கிட்டச் சொல்லியிருக்கலாமே, அண்ணன்."

இப்போது எந்தக் கூட்டில் கோழி நலிந்தாலும் முதலில் என் தீனைத்தான் சந்தேகிக்கிறேன். நேர்மையான மனுசன் என்கிறார்கள், தலையைக் குனிந்துகொள்கிறேன். ஒவ்வொரு தொழுகையிலும் அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் மனிதனுக்குச் செய்த அநியாயத்தை அந்த மனிதனே மன்னிக்கவேண்டும் என்றுதான் எங்கள் மார்க்கம் சொல்கிறது. கேட்பதற்கு நீ பல வருடம் பக்கத்து ஊரில்தான் இருந்தாய்.