கிணற்றுக்குள் ஓடுகிறவனுக்கு விளக்கு

1962, மாசி, வெள்ளி இரவு.

மகன் அந்தோணி ஆத்தூரில் மாமியார் வீட்டோடு இருந்து கிணறு வெட்டுகிறான். கிணற்றடியில் பக்கவாட்டில் குடைந்த சுரங்கத்தில் தவழ்ந்து போய் வெடித் திரியைப் பற்றவைத்துவிட்டு, கையில் அரிக்கேன் விளக்கோடு ஓடி வருகிறானாம். கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்று திண்டுக்கல்லில் தலையில் கட்டும் விளக்குக் கேட்டேன். கடைக்காரர் தீ எரியும் கார்பைடு விளக்கை எடுத்தார்.

"வெடிமருந்து கெட்டிக்கிற இடத்துல தீயவா தலையில கட்டுவான்? பேட்டரி லைட்டக் காட்டுப்பா" என்றேன்.

அதைக் கட்டிக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் நுழைந்து பார்த்தேன். தெருவிலும் ஓடிப் பார்த்தேன்.

"ஏ ஆத்தா, முயல் வேட்டைக்கா?" என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும். விளக்கு நழுவவில்லை, வாங்கிவிட்டேன். விளக்கோடு வயரில் தொங்கும் பேட்டரிப் பெட்டி இடுப்பில் இருந்தால் இடுக்கில் சிக்கும். முதுகில்தான் கட்ட வேண்டும்.

அதை அவனிடம் யார் சொல்வது? பேரனின் ஞானஸ்நானப் பந்தியில் அந்தோணியின் மாமியார் என்னை இலையிலிருந்து எழுப்பினாள். அன்று அவள் உடுத்தியிருந்த சேலைக் கரை கூட நினைவிருக்கிறது. அவன் வந்து பார்க்கவில்லை என்றாலும் அவள் வாசலை மிதிக்க மாட்டேன்.

கிணற்று மேடு அவள் வாசல் இல்லையே. விடிந்ததும் முதல் பஸ்ஸில் அங்கே போகிறேன். என் கையாலேயே கட்டிவிடுவேன். அவன் என்னோடு பேசாவிட்டாலும் போகிறது, கொஞ்சம் தலையைக் குனிந்து கொடுத்தால் போதும்.