பார்த்தேன், யாரும் இல்லை

விஸ்கான்சின்,
ஏப்ரல் 28, ஞாயிறு, பூசை முடிந்து வந்து

அன்பு மகள் மரீசாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் ஆண்டவர் இரக்கத்தில் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, அந்த டூசான் பாலைவன வெயிலில் வாடாமல் வேலைக்குப் போய்வருகிறாய் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன். இங்கே பனி ஒருவழியாகக் கரைந்துவிட்டது, சதுப்பில் நாரைகள் வந்து விடியுமுன்பே கத்துகின்றன, உருளைக்கிழங்கு நிலத்தில் டிராக்டர் இறங்கிவிட்டது. குளிர்காலத்தில் பனிக்கட்டி மேல் கொட்டிய மணல் மட்டும் இன்னும் ரோட்டோரத்தில் கிடக்கிறது, அதில் சக்கரம் விட்டால் வழுக்கும், நினைவில் வை. போன வாரமும் முந்தின வாரமும் நீ போன் செய்தபோது அம்மாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது என்று அப்பா சொன்னாரே, அது நான் சொல்லச் சொன்ன பொய். தொண்டைக்கு ஒன்றும் இல்லை. மே மாதம் நம் கோயிலில் நடக்கிற பைக் ஆசீர்வாதத்துக்கு நீ அங்கிருந்து பைக்கிலேயே வரப்போகிறாய் என்று அப்பா சொன்ன நாளிலிருந்து, உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன் என்று பயமாக இருக்கிறது, இது அழுதுகொண்டே சொல்கிற விஷயமும் அல்ல. வரிசையாகச் சொல்லவேண்டியது, அதனால்தான் எழுதுகிறேன்.

நார்ப் ஸ்ட்ராய்க்கை நான் காரால் இடித்துவிட்டேன். நம் கோயிலில் காணிக்கைக் கூடை நீட்டுகிற நார்ப்தான், உன் அப்பாவோடு முப்பது வருஷமாகப் பைக்கில் சுற்றுகிறவர்தான். ஏப்ரல் பதின்மூன்றாம் தேதி, சனிக்கிழமை, மதியம் மூன்றரை மணி. குளிர் விட்ட முதல் நாள், நல்ல வெயில், மழை இல்லை, மூடுபனி இல்லை, எனக்கு ஒரு அவசரமும் இல்லை. பீடத் துணிகளைத் துவைத்து இஸ்திரி போட்டுக் கோயிலில் கொடுக்க எடுத்துப் போனேன். நம் தெரு நேராக இல்லாமல் கோணலாகச் சாய்ந்துபோய் ஜே என்கிற கவுண்டி ரோட்டில் சேருகிறதே, அந்த நிறுத்தப் பலகையில் முழுதாக நின்றேன். இடப்பக்கம் பார்த்தேன், வலப்பக்கம் பார்த்தேன், மறுபடி இடப்பக்கம் பார்த்தேன். யாரும் இல்லை. பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். இடப்பக்க முன்சக்கரத்தின் மேல் ஒரு சத்தம் கேட்டது, மகளே, அந்தச் சத்தத்தை நான் இன்னும் சமையலறையில் ஒரு பாத்திரம் விழுந்தாலும் கேட்கிறேன்.

ஓடிப்போய்ப் பார்த்தால் நார்ப் ரோட்டோரப் பள்ளத்துப் புல்லில் கிடக்கிறார், கறுப்பு ஜாக்கெட், கறுப்பு ஹெல்மெட், பைக்கும் கறுப்பு. கால் போகக்கூடாத பக்கம் போயிருந்தது. காரிலிருந்த பீடத் துணிகளைச் சுருட்டி, ரத்தம் வந்த இடத்தில் வைத்து அழுத்தினேன், வேறு என்ன இருந்தது. அவர் என்னை ஏறிட்டுப் பார்த்து, ஏம்மா பெர்னடைன், ஞாயித்துக்கெழம உன் மூக்குக்கு நேரா கூடைய நீட்டறப்பல்லாம் தெரியறேன், இன்னைக்கு மட்டும் தெரியலையா என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார், பாதிச் சிரிப்பிலேயே முகம் வெளுத்துப் பேச்சு நின்றுவிட்டது. வந்த போலீஸ்காரர் சின்ன வயசுக்காரர். நான் வாயைத் திறக்குமுன்பே, பார்த்தீங்க, யாரும் இல்ல, அப்படித்தானே மேடம் என்றார். உங்களுக்கு எப்படித் தெரியும் என்றேன். எல்லாரும் இதையேதான் சொல்றாங்க மேடம், பார்க்காதவங்களும் சொல்றாங்க, நெசமாவே பார்த்தவங்களும் சொல்றாங்க என்று சொல்லிவிட்டு எழுதிக்கொண்டே போனார். நான் நிஜமாகவே பார்த்தவள், மரீசா. அதுதான் எனக்குத் தூக்கம் வராத காரணம்.

நார்ப்புக்குத் தொடை எலும்பு இரண்டு இடத்தில் உடைந்து, இரண்டு முறை அறுத்துக் கம்பி வைத்தார்கள். இப்போது புண்ணில் சீழ் வைத்துவிட்டது, காலைக் காப்பாற்ற முடியுமா என்று வியாழக்கிழமைதான் சொல்வார்களாம். கசகசா வைத்துச் சுருட்டிய ரொட்டி செய்துகொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் பெண்டாட்டி ஆர்லீன் கதவை மறித்து நின்று வாங்கிக்கொண்டு, வாங்கிட்டேன், நீ கெளம்பு, பார்த்துப் போ, வழியில யாராச்சும் நிப்பாங்க என்றாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

எனக்குப் புரியாத ஒன்றைப் புரியாமலே விட்டுப் பழக்கம் இல்லை என்பது உனக்குத் தெரியும். நூலகத்தில் பைக் ஓட்டுவது பற்றி இருந்த இரண்டு புத்தகங்களையும் எடுத்து வந்து படித்தேன். பிறகு அப்பாவைக் கூப்பிட்டு, அவர் பைக்கை ஜே ரோட்டில் நார்ப் வந்த வழியே தள்ளிக்கொண்டு வரச் சொன்னேன், இந்தந்த இடத்தில் நின்று கையைத் தூக்குங்கள் என்று அடிக்கணக்கில் கல் வைத்துக் கொடுத்தேன். நான் காரில் அதே இடத்தில் அதே மாதிரி உட்கார்ந்துகொண்டு நோட்டில் எழுதினேன். அறுநூறு அடி, ஹெட்லைட் தெரிகிறது. நானூறு, இல்லை. முந்நூறு, இல்லை. இருநூறு, இல்லை. கண்ணாடியை இறக்கி, எங்க நிக்கிறீங்க என்று கத்தினேன். உன் எதிர்லதாண்டி, ரெண்டு கையையும் தூக்கிட்டு நிக்கிறேன், தோள் வலிக்குது என்று அவர் குரல் மட்டும் வந்தது. பட்டப்பகலில், வெறும் ரோட்டில், நாற்பத்தொரு வருஷம் என்னோடு வாழ்ந்த மனிதர் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார், எனக்கு வேலியும் வானமும்தான் தெரிகின்றன. தலையை ஒரு சாண் முன்னால் சாய்த்தேன், மண்ணிலிருந்து முளைத்த மாதிரி வந்து நின்றார்.

முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் கூரையைத் தாங்கி ஒரு தூண் வருகிறதல்லவா, அதற்குப் பின்னால்தான் நார்ப் இருந்திருக்கிறார். நம் தெரு சாய்ந்து சேருவதால் அந்தப் பக்கத்து ரோட்டின் கடைசி நானூறு அடியும் தூணின் நேரே விழுகிறது, அவர் வர வர அதற்குள்ளேயே வந்திருக்கிறார். தூண் மட்டும் என்றால் ஒருவேளை தோளோ ஹெல்மெட்டோ வெளியே தெரிந்திருக்கும். ஆனால் நான் குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்த ஓலையைச் சிலுவையாக முடைந்து, பயணத்துக்குக் காவலாக இருக்கட்டும் என்று அந்தத் தூணிலேயே செருகி வைத்திருந்தேன். தூணுக்கு வெளியே மூன்று விரல் அகலம். அதை எடுத்துவிட்டு மறுபடி அப்பாவை நிறுத்திப் பார்த்தோம், இருநூறு அடியில் பாதி ஆள் தெரிந்தார். அந்த மூன்று விரலில் ஒரு மனிதரை நான் மறைத்து வைத்திருக்கிறேன்.

பங்குச்சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். ஓலைய வீட்டுச் சுரூபத்துக்குப் பின்னாடி வைக்கத்தாம்மா மந்திரிச்சுக் குடுத்தோம், கண்ணாடியில செருக யார் சொன்னது என்றார். அடுத்த ஞாயிறு பூசை முடிவில் என் பேரைச் சொல்லாமல் எல்லாரையும் வண்டியிலிருக்கிற ஓலையை எடுத்துவிடச் சொன்னார், எல்லாரும் தலையாட்டினார்கள். இன்று வெளியே வந்து எண்ணினேன். முப்பத்தாறு வண்டி, பதினான்கில் ஓலை அப்படியே இருக்கிறது. உன் ஞானத்தாய் வண்டியிலும் இருக்கிறது. சொன்னால், எனக்கெல்லாம் கண்ணு நல்லாத்தான் தெரியுது பெர்னடைன் என்கிறாள். எனக்கும் நல்லாத்தான் தெரிந்தது.

உன் அப்பாவை உனக்குத் தெரியும். நவம்பரில் மான் வேட்டைக்கு ஆரஞ்சு சட்டை போடாமல் காட்டில் காலெடுத்து வைக்காத மனிதர், ஜூன் மாதத்தில் ரோட்டில் ஏறும்போது மட்டும் தலையிலிருந்து கால்வரை கறுப்பு, இதை நான் எத்தனை வருஷம் சொல்லியிருப்பேன், ரோடு போடறவன் மாதிரி போகச் சொல்றியா என்பார். தூணைச் சோதித்துப் பார்த்த மறுநாள் அவராகவே வேட்டைச் சட்டையை எடுத்து ஜாக்கெட் மேல் மாட்டிக்கொண்டு போனார். கடைத்தெரு முனையில் கூட்டாளிகள் பிடித்துக்கொண்டார்களாம், என்ன ஜெரோம், மான் சீசன் நவம்பர்லப்பா, வழி தப்பிட்டியா என்று. துப்பாக்கி வச்சிருக்கறவன் கண்ணுக்குத் தெரியணும்னு போடறோமில்ல, ஸ்டியரிங் வச்சிருக்கறவன் கண்ணுக்கும் தெரிஞ்சிட்டுப் போறேன், உனக்கென்னடா என்றாராம். சிரித்தார்களாம், ஆனால் ஒருத்தன் விலை கேட்டானாம். உனக்கும் ஒன்று எடுத்து, முதுகிலும் கையிலும் வெளிச்சம் பட்டால் மின்னுகிற பட்டை வைத்துத் தைத்து, தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அழகாக இல்லை. போட்டுக்கொள்.

வரவேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதத்தை மூன்று தடவை தொடங்கினேன். நீ கேட்கமாட்டாய், நானும் உன் வயதில் கேட்டதில்லை, அப்பாவும் விடு என்கிறார். ஆகையால் இதையாவது கேள். அங்கே வருஷம் முழுக்கப் பைக் ஓடுகிறது, வண்டிக்காரர்கள் கண் பழகியிருக்கும். இங்கே ஐந்து மாதம் ரோட்டில் ஒரு பைக்கும் கிடையாது, மே மாதத்தில் இவர்கள் காரையும் லாரியையும்தான் தேடுவார்கள், உன்னைத் தேடமாட்டார்கள். பகலிலும் பெரிய விளக்கைப் போட்டுக்கொள். சந்திப்பு வந்தால் வேகத்தைக் குறை, ஒரே நேர்க்கோட்டில் வராதே, உன் தடத்துக்குள்ளேயே கொஞ்சம் இடமும் வலமுமாக அசைந்து வா, தூணுக்குப் பின்னாலிருந்து வெளியே விழுவாய். வண்டிக்காரர் உன் கண்ணைப் பார்த்துவிட்டார் என்று நம்பாதே. நார்ப் ஆஸ்பத்திரியில் அப்பாவிடம் சொன்னாராம், அவ என்னை நேராப் பார்த்தாடா ஜெரோம், பார்த்துட்டுத்தான் வந்தா என்று. நான் அவரைப் பார்க்கவில்லை, அவர் இருந்த பக்கத்தைப் பார்த்தேன். அதனால் முகத்தைப் பார்க்காதே, அந்த வண்டியின் முன்சக்கரத்தைப் பார், அது உருளத் தொடங்கினால் அவர் மனசில் இருப்பது தெரியும் என்கிறார் அப்பா. பெரிய லாரிக்குப் பக்கத்தில் கூடவே போகாதே, அவன் கண்ணாடி உனக்குத் தெரியவில்லை என்றால் நீ அவனுக்கு இல்லை. பொழுது சாய்ந்தபின் ஓட்டாதே, மான் ரோட்டில் ஏறும் நேரம், எந்த ஊரில் இருக்கிறாயோ அங்கே தங்கு.

இன்னொன்று. இடிக்கப்போகிறவன் குடிகாரனாக இருப்பான், போனில் பேசுகிறவனாக இருப்பான் என்று நினைத்துக்கொண்டு ஓட்டாதே. நானும் அப்படித்தான் நினைத்து உன் அப்பாவுக்காக முப்பது வருஷம் செபமாலை சொன்னேன். அது என்னைப் போல ஒருத்தியாக இருக்கும். முழுதாக நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, வீட்டிலும் பைக் ஓட்டுகிறவர் ஒருவர் இருக்கிற ஒருத்தி.

வியாழக்கிழமை நார்ப்புக்காக ஒரு செபம் சொல், ஆர்லீனுக்கும் சேர்த்து. கையுறை இல்லாமல் ஓட்டாதே, தண்ணீர் நிறையக் குடி. தேவமாதா உன்னைத் தன் முந்தானையில் வைத்துக் காக்கட்டும், நீ வரும் வழியெல்லாம் உன் காவல் தூதர் உனக்கு முன்னால் போகட்டும், உன் தலையில் கைவைத்து ஆசீர்வதிக்கிறோம். மறக்காமல் ஒன்று செய். ஜே ரோட்டில் எந்த நாள், எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று முந்தின ஊரிலிருந்து அப்பாவுக்குப் போன் செய். அன்று காலையிலேயே கார் சாவியை அவரிடம் கொடுத்துவிடுவேன், நீ முற்றத்தில் இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றும்வரை நான் வண்டியில் ஏறமாட்டேன். என் ஒருத்தியிடமிருந்துதான் உன்னை என்னால் காப்பாற்ற முடியும்.

உன் அன்பு அம்மா,
பெர்னடைன்