டீ போடப் போகும் காட்சி

செப்டம்பர் 3, புதன்

டாக்டரின் குரல் இன்னும் திரும்பவில்லை. தொண்டை அறுவைக்குப் பிறகு வெறும் காற்றுதான் வருகிறது. வசவு மட்டும் எப்படியோ தெளிவாக வருகிறது. எத்தனையோ வருடம் கன்றுக்குட்டிகளையும் என்னையும் அதட்டிய குரல். எங்கள் படச் சங்கத்தின் ஆண்டு விழாவில் வருடா வருடம் ஒரே படம்தான், அதற்கு முன்னுரை சொல்வது எப்போதும் அவர்தான். இந்த வருடம் நான் சொல்ல வேண்டுமாம்.

“ஊரு உலகத்துக்கெல்லாம் வரைபடம் போட்ட ஆளு, உனக்கு வாய் வராதா?” என்று கிசுகிசுத்தார்.

வராது. நாலு பேர் முன்னால் எனக்குத் தண்ணீர் கேட்கக்கூட வராது. ஆனாலும் சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

செப்டம்பர் 5

முன்னுரை, முதல் வடிவம்: “நண்பர்களே, நம்மைப் போன்றவர்கள் திரையில் வந்தால் ஒன்று தூக்கு மாட்டிக்கொள்வார்கள், இல்லையேல் பைத்தியமாவார்கள். இந்தப் படத்தில்தான் முதன்முதலாக இரண்டு ஆண்கள் காதலித்து, கடைசியில் உயிரோடு பேருந்து ஏறினார்கள்.”

வாசித்துப் பார்த்தேன். நெஞ்சு நிமிர்கிறது. இளவயதில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன். மழை. கொட்டகை வாசலில் குடையில்லாமல் ஒரு மாட்டு டாக்டர் நின்றுகொண்டிருந்தார். நானாகப் போய்ப் பேசினேன். வாழ்நாளில் நானாகப் போய்ப் பேசிய ஒரே ஆள். அவர்தான் இப்போது அடுத்த அறையில் குறட்டை விடுகிறார். குரல் போனாலும் அது போகவில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

படத்தின் புதுப் பிரதி வந்திருக்கிறது. ஒலியைச் சுத்தம் செய்தது. மரச்சாமான் கடை மாடியில், எங்கள் கூடத்தில், ஓட்டிப் பார்த்தோம். படம் ஓட்டுபவர் வரவில்லை, உறவில் யாருக்கோ கல்யாணம். டாக்டரே பொத்தானை அமுக்கினார்.

சமையல்காரன் காட்சி. நதிக்கு அக்கரையிலிருந்து பிழைக்க வந்தவன். கதாநாயகன் சொல்கிறான்: “அக்கரை ஆளுக்குக் கையும் நீளம், கத்தியும் நீளம்.” கூடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். இந்த வசனத்தைச் சங்கத்தில் நான் இதுவரை சரியாகக் கேட்டதே இல்லை, அன்று கொட்டகையில் கேட்டது நினைவில் இல்லை. அந்த இடத்தில் ஒலி தேய்ந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். விழா அழைப்பில்கூட அச்சிடுவேன்: ‘சில இடங்களில் ஒலி தெளிவாக இருக்காது, பொறுத்தருள்க.’

அடுத்தது விடுதிக் காட்சி. சிவப்புச் சேலைக்காரியின் பொய்முடியை நம் கதாநாயகன் பிடுங்கி உயர்த்திக் காட்டுகிறான். “அட, ஆம்பளையா நீ!” மறுபடி சிரிப்பு.

அக்கா அப்போது கூடத்தில் இல்லை. கீழே டீ போடப் போயிருந்தாள். கடைவீதியில் தையல் கடை வைத்திருப்பவள், திருநங்கை, என்னைவிட வயதில் மிக இளையவள், ஆனாலும் சங்கத்துக்கே அக்கா. எங்கள் திரையே அவள் தைத்ததுதான். எப்போதும் அந்த நேரத்துக்குத்தான் எழுந்திருப்பாள். “டீ வேணுமாண்ணே?”

எப்போதும் அந்த நேரத்துக்குத்தான்.

செப்டம்பர் 8

படம் ஓட்டுபவரைப் பார்த்தேன். கண்ணாடிவில்லையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“ஒலி தேயல சார். அந்த எடம் வந்தா நான்தான் குறைச்சிடுவேன்.”

“ஏன்?”

“நான் அக்கரைக்காரன்ல?” சிரித்தார். “எங்காளு படத்துல வந்தாலே ஒண்ணு திருடுவான், இல்ல சாவான். இதுல ரெண்டையும் பண்றான். ஒரே சம்பளத்துல ரெண்டு வேலை.” பிறகு துணியை மடித்தபடி, “அக்காவுக்கு டீ. எனக்கு இந்த சவுண்டுக் குமிழ்” என்றார்.



செப்டம்பர் 9

படத்தை மாற்றலாமா என்று கேட்டேன், டாக்டரோடு சண்டை. கிசுகிசுக்கும் ஆளோடு சண்டை போடுவது கஷ்டம், நாமும் கிசுகிசுத்துவிடுகிறோம். அவர் எழுதிக் காட்டும் பலகையை எடுத்தார்: ‘அந்தப் படம் இல்லன்னா நாம இல்ல. அது அந்தக் காலத்துப் படம்!’

“அந்தக் காலத்துலயும் அக்கா மாதிரி ஆளுங்க இருந்தாங்கல்ல?” என்றேன்.

நானா சொன்னேன்? நான்தான். வீட்டில் வேறு யாரும் இல்லை.

செப்டம்பர் 10

டாக்டர் பேசவில்லை. எப்படியும் பேச முடியாதுதான். ஆனால் இது வேறு.

செப்டம்பர் 11, வியாழன்

தையல் கடைக்குப் போனேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டேன்: படத்தை மாற்றலாம், அல்லது அந்தக் காட்சியை மட்டும் வெட்டலாம். அக்கா நூலைப் பல்லால் கடித்தபடி கேட்டாள்.

“வெட்டப் போறீங்களா? வெட்டுன துணி என்ன ஒட்டுப் போட்டாலும் காட்டிக் குடுத்துடும்ணே.”

“அப்போ வேற படம்?”

“ஐயோ, அந்த பஸ்ஸு எனக்கும் பிடிக்கும்! டீயை அவசரமா ஊத்திட்டு மூச்சு வாங்க ஓடி வர்றேனே, எதுக்குன்னு நினைச்சீங்க?”

அந்த ஓட்டத்தை நானும் பார்த்திருக்கிறேன். உபசாரம் என்று நினைத்தேன்.

“ஒரு தடவை நான் எந்திரிக்காம உக்காரணும்ணே. அந்த எடத்துல படத்தை நிறுத்துங்க. அந்தச் சிவப்புச் சேலைக்காரிக்குத்தான் வசனமே குடுக்கல, நான் பேசுறேன். ஆனா நீங்க முன்னாடியே சொல்லிடணும். ‘அந்தக் காலம்’னு வழுக்கிட்டுப் போகக் கூடாது.”

“நானா?”

“பின்ன, மாட்டு டாக்டரா?”

செப்டம்பர் 12

முன்னுரையைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். படத்தைப் பற்றிப் பெருமையாக இருந்த வரிகளை எடுக்க மனம் வரவில்லை. எடுக்க வேண்டுமா? அவையும் உண்மைதானே? வைத்துக்கொண்டேன். கீழே இன்னும் நாலு வரி சேர்த்தேன்.

செப்டம்பர் 13, காலை

டாக்டர் என் சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறார். அதன்மேல் பலகை: ‘சத்தமா சொல்லு.’

செப்டம்பர் 14, ஞாயிறு

நேற்று விழாவில் நடந்ததை எழுதுகிறேன்.

முன்னால் போய் நின்றேன். பேருந்தைப் பற்றிச் சொன்னேன், மழையைப் பற்றியும். பிறகு: “இந்தப் படம் எனக்குக் கதவைத் திறந்தது. அதே கதவை நம் கூடத்திலேயே இரண்டு பேர் முகத்தில் சாத்தியது. அவர்கள் வருடா வருடம் வந்து அந்தப் படத்தையே நமக்காக ஓட்டினார்கள், திரை தைத்தார்கள், டீ கொடுத்தார்கள்.” கடைசி வரிசையில் டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பது தெரிந்தது.

சமையல்காரன் காட்சியில் படம் ஓட்டுபவர் குமிழைத் தொடவில்லை. வசனம் முழுசாக விழுந்தது. சிரிப்பு வரவில்லை.

விடுதிக் காட்சியில் படம் நின்றது. அந்தப் பெண்ணின் வெறுந்தலை அக்காவின் திரையில் அப்படியே உறைந்திருக்க, அக்கா எழுந்து அதன் முன்னால் வந்தாள். வெளிச்சம் அவள் மேலும் விழுந்தது.

“இவளுக்குப் படத்துல பேரு கிடையாது. என் முடியையும் ஒருத்தன் இப்படித்தான் இழுத்தான், சந்தை நடுவுல. சுத்தி நின்னவங்க எல்லாம் சிரிச்சாங்க. நான் அவன் சட்டை பட்டனைப் புடுங்கிட்டேன். இன்னும் என் பட்டன் டப்பால கிடக்கு. வந்து மன்னிப்புக் கேட்டா தச்சுத் தர்றேன். கூலி கிடையாது.”

கூடம் அதிர்ந்தது. படம் ஓட்டுபவர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். இத்தனை வருடத்தில் இந்தச் சங்கத்தில் இருப்பது எனக்கு இவ்வளவு பெருமையாக இருந்ததில்லை. அடித்துத் திருத்தாமல் எழுதுகிறேன்: பெருமை.

படம் மறுபடி ஓடியது. அக்கா தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். அப்போதுதான் உறைத்தது, டீ போட ஆளில்லை. இறங்கிப் போனேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. தட்டோடு மேலே ஓடி வந்தபோது அக்கா பக்கத்து நாற்காலியில் எனக்காகத் தன் பையைப் போட்டு வைத்திருந்தாள்.

ஒரு வாய் குடித்தாள். முகம் கோணியது.

“சர்க்கரை போடலியாண்ணே?”

பதறி எழுந்தேன். கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

“பஸ்ஸு வருது. பேசாம உக்காருங்க.”